டொக்டர்ர ஆளுக்கு ஒரு நேரசூசி

பெப்ரவரி பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து ஐம்பத்திரண்டு. வாடைக்காற்று அடங்கியிருந்தது. மதில்களில் பனி ஈரம் வழிந்துகொண்டிருந்தது. கடல் இரைச்சல் வழக்கத்தைவிடக் கிட்டக் கேட்டது. எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையின் முனையில் விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில்தான், மக்காவுக்கு உம்றா போகப் புறப்பட்டு நின்ற பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒரு நைலோன் கயிற்றின் நுனியை என் கையில் வைத்தார். மறு நுனியில் ஒரு நாய் நின்றது. கன்றுக்குட்டி அளவு நாய்.

“பதினஞ்சு நாள்தான் சேர். பதினாறாம் நாள் விடிய சுபஹுக்கு நான் வந்து நிப்பன்.”

“பதினாறாம் நாள் என்ன கிழமை எண்டு தெரியுமா?”

“நீங்க எண்ணி வச்சிருப்பீங்கதானே,” என்று சிரித்துவிட்டு ஏறினார். ஏறியவர் கண்ணாடியை இறக்கி, நாயின் கழுத்தைப் பார்த்தார். “அந்தப் பட்டி மட்டும் சரிவரல்ல சேர்,” என்றார். அவர் வாயால் நான் கேட்ட கடைசி வார்த்தை அது.

பதினாறாம் நாள் புதன்கிழமை. எண்ணித்தான் வைத்திருந்தேன்.

கல்முனைக்குடியில், பள்ளிவாசலுக்கு முந்நூற்றறுபது அடி தூரத்தில், எழுபத்து நான்கு வயதான ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் ஒருவன் விடியற்காலையில் நாய் பிடித்துக்கொண்டு நிற்பது எங்கள் ஊரில் நடக்கிற காரியம் அல்ல. அது எப்படி நடந்தது என்று சொல்வதானால் அந்தப் பெண்மணியைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

அவரிடம் எதையும் நம்பிக் கொடுத்து வைக்கலாம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் நகையையும் காணி உறுதிப் பத்திரத்தையும் அவரிடம் விட்டுப் போவார்கள். சொந்த உம்மாவிடம் கொடுக்காததை அவரிடம் கொடுப்பார்கள். அதனால் ஒழுங்கையில் அவருக்குப் ‘பெட்டகம்’ என்று பட்டம். என் மனைவியும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் பெட்டகம் என்பது சரியான பெயர் அல்ல. பெட்டகத்தில் வைத்தது கிடந்தபடி கிடக்கும். அவரிடம் கொடுத்தது கிடக்காது.

குவைத்துக்குப் போன ஒருத்தி தன் தையல் மெஷினை அவரிடம் விட்டுப் போனாள். இவருக்குத் தையல் தெரியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு பழைய துணியில் நேராக ஒரு தையல் ஓட்டுவார். நான்கு வருடம் ஓட்டினார். தையலுக்கு மேல் தையல் விழுந்து அந்தத் துணி பலகைபோலத் தடித்துப் போயிருந்ததை நான் பார்த்தேன்.

“இதென்ன வேலை தங்கச்சி?” என்று கேட்டேன்.

“ஓடின மெஷின் சேர். ஓடாம நிண்டா அது வேற மெஷின். நம்பித் தந்த அமானிதம் எண்டா வந்த மாதிரித்தான் போகணும்.”

இன்னொன்றும் சொல்லவேண்டும். சுனாமியில் கடல் வந்த நாளில் எங்கள் ஒழுங்கை முழுவதும் ஓடியது. அவர் ஓடும்போது கையில் இருந்தது, கடற்கரைப் பக்கத்தில் குடியிருந்த ஒரு மனிதர் கொடுத்துவிட்டுப் போன வீட்டுச் சாவி. அந்த மனிதர் அன்று வெளியூரில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் இவர் அவரைத் தேடிப்பிடித்து, சாவியைத் துடைத்துக் கையில் கொடுத்தார். என் மனைவி அன்றிரவு, “அத எப்படி அவளுக்குக் குடுக்க மனம் வந்திச்சு?” என்றாள். இன்றைக்கும் அவரை நினைத்தால் மதிப்போடு ஒரு சிறு பயமும் சேர்ந்துதான் வருகிறது.

அவருடைய மேல்மாடியில் ஒரு டொக்டர் வாடகைக்கு வந்தார். மலையகத்துத் தமிழ்ப் பிள்ளை, கலியாணம் ஆகாதவர். அவரோடுதான் அந்த நாய் வந்தது. சென் பெர்னாட் என்று இனத்தின் பெயர் சொன்னார். பனிமலை நாட்டு நாய். இரண்டு அடுக்கு மயிர். கல்முனை வெயிலில் அதைப் பார்க்கவே எனக்கு வேர்க்கும். ஆனால் அப்படி ஒரு சாதுவான பிராணியை நான் கண்டதில்லை. குரைக்காது, இழுக்காது, பூனை பக்கத்தில் போனாலும் தலை தூக்காது. ஒரேயொரு குறை, அதன் வாய். சாப்பாடு கண்டாலும் எச்சில், காணாவிட்டாலும் எச்சில். தாடையிலிருந்து கயிறு கயிறாகத் தொங்கும். எங்கள் மார்க்கச் சட்டப்படி காய்ந்த நாயில் காய்ந்த கை பட்டால் குற்றமில்லை. ஈரம் பட்டால் ஏழு தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும். அதில் ஒரு தண்ணீர் மண் கலந்திருக்கவேண்டும்.

பிறகு டொக்டருக்கு இங்கிலாந்து போக வழி கிடைத்தது. மூன்று மாதத்தில் வந்து நாயைக் கூட்டிப் போவதாகச் சொன்னார். போகுமுன் இவரிடம் சொன்னது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் மெதுவாக நடக்கவேண்டும், வெயில் கூடாது, ஓடக் கூடாது, நடை நின்றால் இந்த இனத்துக்கு இடுப்புப் பிடித்துவிடும், பிறகு எழும்பாது.

இவர் அதற்குப் பெயர் வைத்துக் கூப்பிடவில்லை. டொக்டர் வைத்த பெயரையும் சொல்லவில்லை. ‘டொக்டர்ர ஆள்’ என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது நம்முடையதாகிவிடும் என்பது அவருடைய எண்ணம்.

டொக்டர் போன மறுநாள் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் தலை தெரிந்தது. குட்டையானவர், கல்லில் ஏறி நின்றிருப்பார்.

“சேர், பள்ளிக்கூடத்துக்கு நேரசூசி போடுற நீங்கதானே?”

“போட்ட காலம் போயிட்டு.”

“இந்த ஆளுக்கு ஒண்டு போட்டுத் தாங்க.”

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “இடைவேளையும் உடுங்க அதுக்கு. மணி அடிக்க நான் வாறன்.”

இருபத்தெட்டு ஆசிரியர்களை வைத்து நேரசூசி போட்டவன் நான். ஒரு நாய்க்குப் போடுவது அதைவிடச் சிரமம் என்று அன்று தெரிந்தது. விடியல் தொழுகையான சுபஹுக்கு முன் ஆட்கள் கைகால் கழுவி வுழூவோடு பள்ளிவாசலுக்குப் போவார்கள். ஏழு மணிக்கு மணல் சுடத் தொடங்கும். விடியலில் கரைவலை இழுப்பார்கள்; காலை எட்டிலிருந்து வலை மணலில் விரிந்து கிடக்கும், அதில் நாய் மிதித்தால் சண்டை. பகல் முழுவதும் வெயில். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் பிள்ளைகள். பொழுதுபட்டதும் மஃரிபுக்கு மறுபடி பள்ளிவாசல். இரவு இஷா தொழுகைக்குப் பிறகு தெருநாய்க் கூட்டம்.

நான் தாளை வைத்துக்கொண்டு குழம்பிக்கிடந்த இரண்டாம் நாள் பள்ளிவாசல் செயலாளர் வந்தான். என் பழைய மாணவன், கேத்திரகணிதத்தில் இருபத்தேழு எடுத்தவன். ஒழுங்கையில் நின்றபடியே பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் கதைத்தான்.

“ராத்தா, தொழப் போற ஆக்கள்ர உடுப்புல அதுர எச்சில் பட்டா என்ன செய்ற?”

“ஆக்கள் போற வாற நேரத்தில அது ரோட்டுக்கு வராது மகன்.”

“அதுக்கு ஆரு பொறுப்பு?”

அவர் என்னைப் பார்த்தார். அவனும் என்னைப் பார்த்தான்.

“சேர் நேரம் பாத்துப் போட்டா பிழை வராது,” என்றான். “அப்ப சேர்தான் பொறுப்பு.”

நான் வாய் திறப்பதற்குள் ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நாய் அவருடையது அல்ல, என்னுடையதும் அல்ல. பொறுப்பு மட்டும் என்னுடையதாகிவிட்டது.

கடைசியில் இரண்டு இடைவெளி கிடைத்தது. சுபஹு தொழுதவர்கள் வீடு திரும்பியபின் நாற்பத்தைந்து நிமிடம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் இருபத்தைந்து நிமிடம். மொத்தம் எழுபது. டொக்டர் கேட்டது எழுபத்தைந்து. அந்த ஐந்து நிமிடம் என்னைத் தூங்க விடவில்லை. எப்படி மாற்றிப் போட்டாலும் வரவில்லை.

“அந்த அஞ்ச நான் வளவுக்குள்ளயே முடிக்கிறன்,” என்றார் அவர். அன்றிலிருந்து கேற்றைத் திறக்குமுன் முற்றத்து வேப்பமரத்தை நாயோடு சுற்றி வருவார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் நாயோடு போவதைப் பார்க்கவேண்டும். அதற்கென்று ஒரு பழைய அபாயா. தோல் கயிறு ஈரத்தில் ஊறும் என்று நீளமான நைலோன் கயிறு. வயலிலிருந்து எடுத்து அரித்த மண் ஒரு பெயின்ற் வாளியில் கிணற்றடியில் இருக்கும். வந்ததும் கயிறு, செருப்பு, கை எல்லாம் ஏழு தண்ணீர். மழையானாலும் நடை நிற்காது. வந்தபின் நாயின் இரண்டு அடுக்கு மயிரையும் சீப்பால் பிரித்து மின்விசிறிக்கு முன்னால் காயவைப்பார். ஒருநாள் கடற்கரையில் அது படுத்துவிட்டது. அறுபது கிலோவுக்குக் குறையாத பிராணி, யார் தூக்குவது? அவர் அதன் பக்கத்தில் மணலில் இருந்துகொண்டார். வெயில் ஏறியது. தோணிக்காரர்கள் கேலி செய்தார்கள். “உம்மா, மகனுக்கு நித்திரையா?” என்று ஒருவன் கேட்டான். “ஓம், எழும்பினதும் உன்ன எழுப்பச் சொல்றன்,” என்றாராம். அது தானாக எழும்பும்வரை இருந்தார். ஏழு மணிக்கு முதல் சுற்றுப் பள்ளிக்கூட வான் வரும்போதுதான் இரண்டு பேரும் ஒழுங்கைக்குள் வந்தார்கள்.

நாயும் பழகிக்கொண்டது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் கேற்றடியில் வந்து படுத்துவிடும். கேற்றுக்கும் நிலத்துக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. அதன் வழியாகப் போகிற கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். போன கால்கள் திரும்பி வந்தபின்தான் எழும்பும். நான் போட்ட நேரசூசியை என் மாணவர்களில் ஒருவன்கூட அப்படி மதித்ததில்லை.

மூன்று மாதம் போனது. டொக்டர் முதலில் கிழமைக்கு ஒருமுறை கதைத்தார், பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. ஒரு வருடம் தாண்டியது. உப்புக் காற்றில் நாயின் கழுத்துப் பட்டி வெடித்தது. சிவப்புத் தோல், பித்தளைக் கொக்கி. அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று தேடினார். அவ்வளவு பெரிய கழுத்துக்கு எந்தக் கடையிலும் இல்லை. சிவப்பு நூலால் தைத்துத் தைத்து வைத்திருந்தார்.

அவருடைய மகன் ஜித்தாவில் வேலை செய்கிறார். உம்மாவை உம்றாவுக்குக் கூப்பிட்டு இரண்டு முறை இடம் எடுத்தார். இரண்டு முறையும் இவர் அந்த இடத்தை வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்தார். மக்காவைப் பார்க்கவேண்டும் என்பது இருபது வருடமாக அவர் சொல்லிவந்த ஒரே ஆசை. மூன்றாம் முறை மகன் கோபித்துக்கொண்டார். அன்று மதிலுக்கு மேலே அவருடைய தலை வரவில்லை. அழுகிற சத்தம் மட்டும் வந்தது. என் மனைவி போய்க் கேட்டாள்.

“அத ஆருக்கிட்ட உட்டுட்டுப் போற? தீன் வைக்க ஆள் இருக்கு. நடத்த ஒருத்தரும் இல்ல,” என்றாராம்.

மனைவி திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். “நேரசூசி போட்டது நீங்க. நடத்திக் காட்டுங்க.”

“எனக்கு எழுபத்து நாலு.”

“அதுவும் கிழடுதான். ரெண்டு பேருக்கும் ஒரே வேகம்.”

இப்படித்தான் கயிறு என் கைக்கு வந்தது.

பன்னிரண்டு நாள் ஒழுங்காகப் போனது. நான் தாளில் நாட்களைக் கோடு போட்டு வெட்டிக்கொண்டு வந்தேன். பதின்மூன்றாம் நாள் மத்தியானம் அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தார். இரண்டு நாள் காய்ச்சல், மூச்சுத் திணறல், மக்காவிலேயே மௌத்து, அங்கேயே அடக்கம்.

ஊர் திரண்டு வந்தது. என்ன பாக்கியம், யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு மௌத்து என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். மனமாரத்தான் சொன்னேன். ஆனால் மஃரிபு முடிந்து எல்லோரும் கலைந்தபோது, கேற்றடியில் அது படுத்திருந்தது. கால்கள் திரும்பி வந்துவிட்டன; இனித் தன் முறை என்று எழும்பி என்னைப் பார்த்தது. பதினாறாம் நாள் இனி வராது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மௌலவியிடம் கேட்டேன். ஒருவர் பொறுப்பில் இருந்த அமானிதத்தை அவர் உங்களிடம் தந்திருந்தால் அது உங்கள் பொறுப்பு, அதேபோல் பார்ப்பவர் கிடைத்தால் கொடுக்கலாம் என்றார். காரைதீவில் நெல் ஆலை வைத்திருக்கும் ஒருவர் ஆசையாக வந்தார்.

“எனக்குத் தாங்க சேர். மில்லுக்கு நல்ல காவல்.”

“நடத்துவீங்களா?”

“நடத்தவா? வாசல்ல சங்கிலி போட்டுக் கட்டினாக் காணும். உருவத்தப் பாத்தே ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்.”

கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டேன். நாயும் எழும்பி அவரோடு பத்தடி போனது. அந்தப் பலகைபோல் தடித்த துணி நினைவுக்கு வந்தது. போய்க் கயிற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் மனைவியும் அப்படித்தான் பார்த்தாள்.

சில நாளில் நோன்பு தொடங்கியது. நேரசூசி முழுவதும் உடைந்தது. ஸஹர் சாப்பாடு முடித்த இளைஞர்கள் சுபஹுக்குப் பிறகும் ஒழுங்கை முனையை விட்டு அசையமாட்டார்கள், விடியும்வரை கதை. இரவில் தராவீஹ் தொழுகை முடியும்வரை ஆள் நடமாட்டம். ஊர் முழுவதும் ஒழுங்கைகள் வெறிச்சோடும் நேரம் ஒன்றே ஒன்றுதான்: நோன்பு திறக்கும் நேரம். ஆண்கள் பள்ளியில் கஞ்சிக் கோப்பைக்கு முன்னால், பெண்கள் வீட்டில். அந்த நேரத்தில் நான் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, நாயைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அப்புறம் ஏழு தண்ணீர். அப்புறம் வீட்டில் தனியே தொழுகை. மிச்ச நடையை இரவில் வளவுக்குள் வேப்பமரத்தைச் சுற்றி முடித்தேன். கூட்டாகத் தொழுதால் இருபத்தேழு மடங்கு நன்மை. இருபத்தொன்பது நாள், நாளுக்கு இருபத்தாறு மடங்கு எனக்கு நட்டம். பெருக்கிப் பார்த்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

பெருநாளைக்குக் கண்டியிலிருக்கும் மகள் கூப்பிட்டாள். மனைவி மட்டும் போனாள். பெருநாளன்று புதுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு மதிலின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அதுவுமாக இருந்தோம். அந்தப் பெண்மணி வருடக்கணக்கில் ஏன் எங்கும் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை; எல்லோரும் அவரை நல்லவர் என்று மட்டும் சொன்னோம். அன்றுதான் எனக்கு அவருடைய வளவின் நீள அகலம் தெரிந்தது. எண்பதடிக்கு நாற்பத்தைந்து.

தென்மேற்குக் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவர் வந்து, டொக்டர் அடுத்த கிழமை வருகிறார் என்றார். நான் முதலில் செய்த வேலை, தைத்துத் தைத்து நூலாகிப்போன அந்தப் பட்டியைக் கழற்றிக் கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனது. சிவப்புத் தோல் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார். வரவழையுங்கள் என்றேன்.

டொக்டர் ஒரு வாடகை வாகனத்தில் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். நாய் அவரைக் கண்டதும் உடம்பு முழுவதும் ஆட, அவர் சட்டையெல்லாம் எச்சிலாக்கியது. அவர் மண்டியிட்டு அதன் இடுப்பை அழுத்திப் பார்த்தார். கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“ஒண்ணும் ஆகலையே சேர். போன மாதிரியே இருக்கான்,” என்றார். பிறகு வீட்டைப் பார்த்தார். “ராத்தா எங்க?”

“மக்காவில.”

“எப்ப வருவாங்க? பார்த்துட்டுத்தான் போகணும்.”

சொன்னேன். அவர் நாயின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். அங்கே விசா, பரீட்சை, வேலை என்று மாட்டிக்கொண்டதையும் தொலைபேசி களவு போனதையும் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

வாகனக்காரன் அவசரப்படுத்தினான், இருட்டுமுன் மலைப்பாதையில் ஏறவேண்டும். டொக்டர் கயிற்றைப் பிடித்தார். அப்போது அஸர் பாங்கு சொல்லத் தொடங்கியது. நாய் கேற்றடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

டொக்டர் இழுத்தார். அது அசையவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வாலை மட்டும் ஆட்டியது.

“என்ன சேர் இது?”

“ஆக்கள் தொழுதிட்டு வரணும் டொக்டர். அதுக்குப் பிறகுதான் வெளிக்கிடும். இருங்க, ஒரு இருவத்தஞ்சு நிமிசம்.”

இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் இருந்தோம். கேற்றுக்குக் கீழால் கால்கள் போயின. ஒழுங்கை அடங்கியது. பிறகு ஒவ்வொன்றாகக் கால்கள் திரும்பி வந்தன. கடைசிக் கால் கடந்ததும் அது எழும்பியது. கேற்றுக்குப் போகவில்லை. டொக்டரையும் இழுத்துக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றத் தொடங்கியது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் முடிந்ததும் தானாகவே வாகனத்தடிக்குப் போய் நின்றது.

“இவ்வளவு நாள் சாப்பாடு, பராமரிப்பு... நான் எவ்வளவு தரணும் சேர்? நீங்க எல்லாத்தையும் எண்ணி வச்சிருப்பீங்கன்னு ராத்தா சொல்லுவாங்க.”

எண்ணித்தான் வைத்திருந்தேன். ஆனால் அமானிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் யாரிடமும் கணக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்றுமில்லை என்றேன். குனிந்து நாயின் கழுத்தில் பட்டியைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தேன். சிவப்புத் தோல், பித்தளைக் கொக்கி, அது வந்தபோது இருந்த அதே துளையில் பூட்டியிருந்தது. தோலுக்கும் தையல் கூலிக்குமாக, இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.